கையெழுத்துப் போடும் பதவி: கிரெனடாவில் பால் ஸ்கூனின் பதினான்கு ஆண்டுகள்

1979 மார்ச் 13 விடியற்காலையில் கிரெனடாவில் புரட்சி நடந்தது. பிரதமர் எரிக் கேரி அமெரிக்கா போயிருந்த நேரம். நியூ ஜூவல் இயக்கத்து இளைஞர்கள், ஐம்பது பேர்கூட இல்லை, ட்ரூ ப்ளூ படைமுகாமைப் பிடித்தார்கள். வானொலி நிலையத்தைப் பிடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் தீவு அவர்கள் கையில் இருந்தது. இயக்கத்தின் தலைவர் மாரிஸ் பிஷப் பிரதமரானார். அரசமைப்புச் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, நாடாளுமன்றம் போயிற்று, இனி 'மக்கள் சட்டங்கள்' மட்டுமே என்று அறிவித்தார்கள். அந்த மக்கள் சட்டங்களில் ஒன்று விசித்திரமானது. நாட்டின் தலைவர் இங்கிலாந்து ராணி எலிசபெத்தே. அவருடைய பிரதிநிதியாகக் கவர்னர் ஜெனரல் நீடிப்பார். புரட்சி அரசு அவ்வப்போது சொல்லும் வேலைகளை அவர் செய்வார் என்றது அது.

கியூபாவைத் தோழமை நாடாகக் கொண்ட ஒரு மார்க்சிய அரசு, முடியாட்சியின் பிரதிநிதியை ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை? அனுப்பினால் காமன்வெல்த்தில் கேள்வி வரும், பிரிட்டனும் அண்டைத் தீவுகளும் அங்கீகாரம் தரத் தயங்கும், உள்ளூரில் தேவாலயத்துக்குப் போகும் கிழவிகளுக்குக் கலக்கம் வரும். வைத்துக்கொண்டால் ஒரு கெடுதலும் இல்லை. அந்த மனிதர் கையெழுத்துப் போடுவார், விருந்து கொடுப்பார், தூதர்களை வரவேற்பார். பிஷப்பின் கணக்கு நான்கரை ஆண்டுகள் சரியாகவே இருந்தது. அந்த மனிதரின் பெயர் பால் ஸ்கூன்.

கரீபியனில் மன்னரின் பிரதிநிதியாக இருப்பது என்றால் என்ன, அந்தப் பதவிக்கு உண்மையில் அதிகாரம் உண்டா, உண்டென்றால் அது எங்கிருந்து வருகிறது என்பது அங்கே இன்றும் தீராத விவாதம். பெரும்பாலான கவர்னர் ஜெனரல்களின் வாழ்க்கையைக் கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவர்களுடைய காலம் அமைதியாகக் கழிந்துவிட்டது. ஸ்கூனின் காலம் அப்படிக் கழியவில்லை. ஒரே ஆள் ஒரே பதவியில் இருந்தபடி ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட சர்வாதிகாரி, ஒரு புரட்சி அரசு, ஒரு ராணுவக் குழு, ஓர் அந்நியப் படை, ஓர் இடைக்கால ஆட்சி, பிறகு இரண்டு தேர்தல்கள் எல்லாவற்றையும் பார்த்தார். சட்டக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் மாணவர்களைச் சோதிக்கக் கற்பனையாய்ச் சிக்கல்களை அடுக்கினாலும் இவ்வளவு அடுக்க மாட்டார்.

ஸ்கூன் 1935 ஜூலை 4 அன்று தீவின் மேற்குக் கரையில் குவாவ் என்ற ஊரில் பிறந்தார். மீனும் ஜாதிக்காயும்தான் அந்த ஊரின் பிழைப்பு. கிரெனடாவில் ஜாதிக்காய் விளையாட்டுக் காரியமில்லை. தேசியக் கொடியிலேயே ஒன்று இருக்கிறது. தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் உள்ள ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1953 முதல் அங்கேயே ஆசிரியரானார். பதினான்கு வருஷம் அந்தப் பள்ளியில் கற்பித்தார். லீட்ஸிலும் டொராண்டோவிலும் கல்வியியல் பயின்றார். பிறகு கல்வித்துறை, அமைச்சரவைச் செயலாளர் பொறுப்பு, லண்டனில் காமன்வெல்த் அறக்கட்டளையின் துணை இயக்குநர் வேலை என்று ஏறுமுகம். 1978இல் எரிக் கேரி அவரைக் கவர்னர் ஜெனரலாகப் பரிந்துரைத்தபோது வயது நாற்பத்து மூன்று.

இதில் கவனிக்க வேண்டியது ஆசிரியர் தொழில். கரீபியன் கவர்னர் ஜெனரல்களின் வரிசையைப் பார்த்தால் கரும்பலகைத் தூசு நெடி அடிக்கும். ஜமைக்காவின் முதல் உள்ளூர்க் கவர்னர் ஜெனரல் கிளிஃபோர்ட் கேம்பெல் பள்ளி ஆசிரியர். பின்னால் வந்த ஹோவர்ட் குக்கும் ஆசிரியர். செயின்ட் லூசியாவில் இருபது ஆண்டுகள் பதவியில் இருந்த பேர்லெட் லூயிசி கல்வியாளர். கிரெனடாவிலேயே ஸ்கூனுக்குப் பின் வந்த ரெஜினால்ட் பாமரும், அதற்குப் பின் கார்லைல் கிளீனும் கல்வித்துறைக்காரர்கள். காரணம் எளிது. லட்சம் பேர் உள்ள தீவில் எல்லோருக்கும் தெரிந்தவராக, எல்லோரும் எழுந்து நின்று மரியாதை தருபவராக, அதே சமயம் கட்சிச் சண்டையில் கை நனைக்காதவராக ஒருவர் வேண்டுமென்றால் வாத்தியாரைத் தவிர வேறு ஆள் கிடைப்பது கடினம். சின்ன ஊரின் இன்னொரு விளைவையும் சொல்ல வேண்டும். புரட்சி அரசில் பிஷப்புக்கு அடுத்த இடத்தில் இருந்து, கடைசியில் அவரைக் கவிழ்த்த பெர்னார்டு கோர்டும் ஸ்கூன் கற்பித்த அதே பள்ளியில் படித்தவர்தான்.

நம் வாசகர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரலாம். நாம் பழகிய ஆளுநர் மத்திய அரசு அனுப்பும் ஆள். மாநில அரசுக்கும் அவருக்கும் உரசல் வந்தால் அவருக்குப் பின்னால் டெல்லி நிற்கிறது. கிரெனடாவில் அப்படியொரு டெல்லி கிடையாது. கவர்னர் ஜெனரலைத் தேர்ந்தெடுப்பவர் உள்ளூர்ப் பிரதமர். லண்டன் அரண்மனை அதை ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். ராணி எலிசபெத் அங்கே 'கிரெனடாவின் ராணி'யாக இருந்தார். பிரிட்டிஷ் அமைச்சரவைக்கு அதில் வாயே கிடையாது. 1948இல் ராஜாஜி வகித்ததும், 1972 வரை இலங்கையில் இருந்ததும் இதே வார்ப்பில் வந்த பதவிதான். ஆகவே கரீபியன் கவர்னர் ஜெனரலுக்கு மேலே எஜமானர் என்று பெயருக்குத்தான் ஒருவர். கீழேயோ, அவரை நியமித்த பிரதமரே நினைத்தால் அவரை நீக்கவும் ஏற்பாடு செய்துவிடலாம். 1981இல் செயின்ட் கிட்ஸ் தீவில், விடுதலைக்கு முந்தைய ஏற்பாட்டின்படி ஆளுநராக இருந்த ப்ரோபின் இன்னிஸ் ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்தார். முதல்வர் லண்டனுக்கு எழுதினார். இன்னிஸின் பதவி போயிற்று.

கிரெனடாவிலேயே ஸ்கூனுக்கு முன் ஒரு பாடம் நடந்திருந்தது. மருத்துவரான ஹில்டா பைனோ 1968இல் ஆளுநரானார். காமன்வெல்த்தில் அந்த நிலைக்கு வந்த முதல் பெண் அவர்தான். 1974 பிப்ரவரி 7 அன்று விடுதலை. அதற்கு முந்தைய மாதங்களில் கேரியின் 'கீரிப்பிள்ளைப் படை' என்று பெயர் வாங்கிய அடியாள் கூட்டம் எதிர்ப்பாளர்களை அடித்து நொறுக்கியது; ஜனவரி 21 அன்று மாரிஸ் பிஷப்பின் தந்தை ரூபர்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். தெருவில் இறங்கிய மக்கள் ஆளுநரும் விலக வேண்டும் என்றார்கள். பைனோ விலகி வெளியேறினார். கேரிக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. விடுதலை நாளில் அவரே பிரதமர். மனசாட்சிக்காகப் பதவியை விட்டுப் போனால் காலி நாற்காலிதான் மிஞ்சும் என்பதை இதிலிருந்து யாரேனும் கற்றிருந்தால் அவர் ஸ்கூனாகத்தான் இருக்க வேண்டும். தன் நினைவுக்குறிப்புகளுக்கு அவர் 2003இல் வைத்த தலைப்பே சேவைக்காகப் பிழைத்திருத்தல் என்ற பொருள்படும்.

பிழைத்திருந்தார். கேரி நியமித்தவர் கேரியை விரட்டியவர்களோடும் ஒத்துப்போனார். நகரத்துக்கு மேலே குன்றில் இருந்த கவர்னர் மாளிகையில், துறைமுகம் முழுவதும் கண்ணில் படும் இடத்தில், விருந்துகள் நடந்தன. தேர்தல் இல்லை, எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் மூடப்பட்டன, விசாரணையின்றிச் சிறையில் இருந்தவர்கள் உண்டு. மறுபக்கம் பள்ளிகள், மருத்துவ நிலையங்கள், கியூபர்கள் உதவியோடு பாயிண்ட் சலைன்ஸில் புது விமான நிலையம் என்று வேலையும் நடந்தது. ஸ்கூன் இரண்டைப் பற்றியும் வெளியில் வாய் திறக்கவில்லை. அவரைச் சந்தர்ப்பவாதி என்று சொல்பவர்கள் இந்த ஆண்டுகளைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் சற்று அவசரமாகப் படுகிறது. ஆனாலும் சிறையில் இருந்தவர்களின் குடும்பங்கள் அந்த மாளிகையின் விளக்குகளைக் கீழிருந்து எப்படிப் பார்த்திருப்பார்கள் என்ற கேள்வி தள்ளிவிடக் கூடியதல்ல.

1983 அக்டோபரில் எல்லாம் குலைந்தது. தலைமையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று கட்சியின் மத்தியக் குழு கேட்டது, பிஷப் தயங்கினார், வீட்டுக் காவலில் வைத்தார்கள். 19ஆம் தேதி பெருங்கூட்டம் திரண்டு அவரை மீட்டு, அவருடைய தந்தையின் பெயரால் அழைக்கப்பட்ட ரூபர்ட் கோட்டைக்கு அழைத்துப் போனது. கவச வண்டிகள் வந்தன. பிஷப்பையும், கல்வி அமைச்சராக இருந்த ஜாக்குலின் கிரெஃப்டையும், யூனிசன் வைட்மனையும், இன்னும் சிலரையும் கோட்டைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். ஜெனரல் ஹட்சன் ஆஸ்டின் தலைமையில் ராணுவக் குழு ஆட்சியை எடுத்தது. முழுநாள் ஊரடங்கு, வெளியே தலை காட்டினால் சுடுவோம் என்று வானொலி சொன்னது.

இந்த இடத்தில்தான் கேள்வி வந்து நிற்கிறது. பிரதமர் இல்லை, அமைச்சரவை இல்லை, நாடாளுமன்றம் இல்லை. பழைய ஒழுங்கில் மிஞ்சியிருந்தவர் குன்றின்மேல் இருந்த முன்னாள் பள்ளி ஆசிரியர் ஒருவரே. 21ஆம் தேதி பார்படோஸில் கூடிய கிழக்குக் கரீபிய நாடுகளின் தலைவர்கள், டொமினிகாவின் யூஜீனியா சார்ல்ஸ் தலைமையில், அமெரிக்காவின் உதவியோடு படையனுப்ப முடிவெடுத்தார்கள். 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிரிட்டனின் துணை ஹைகமிஷனர் கிரெனடாவுக்கு வந்து ஸ்கூனைச் சந்தித்துவிட்டுப் போனார். 25ஆம் தேதி விடியும் முன் அமெரிக்கப் படை இறங்கியது.

படையெடுப்பின் முதல் நாளில் வாஷிங்டனில் ரீகனும் யூஜீனியா சார்ல்ஸும் சேர்ந்து செய்தியாளர்களைச் சந்தித்தபோது கவர்னர் ஜெனரலைப் பற்றிப் பேச்சில்லை. தீவில் இருந்த அமெரிக்க மருத்துவ மாணவர்களின் பாதுகாப்பு, அண்டை நாடுகளின் வேண்டுகோள் ஆகியவையே காரணமாகச் சொல்லப்பட்டன. சில நாள் கழித்துத்தான் மூன்றாவது காரணம் வந்தது: ஸ்கூனே கேட்டுக்கொண்டார். ஏன் முதலில் சொல்லவில்லை என்றால், அவர் உயிருக்கு ஆபத்து வந்திருக்கும் என்றார்கள்.

அந்தப் பதில் முற்றிலும் பொய்யல்ல. படையெடுப்பு தொடங்கிய அன்று காலையிலேயே அமெரிக்கக் கடற்படையின் சிறப்புக் குழு, இருபதுக்குச் சற்று மேற்பட்ட வீரர்கள், ஹெலிகாப்டரில் இருந்து கயிற்றில் கவர்னர் மாளிகையில் இறங்கினார்கள். ஸ்கூனும் மனைவி எஸ்மையும் சிலரும் அடித்தளத்தில் பதுங்கியிருந்தார்கள். அழைத்துக்கொண்டு உடனே போவது திட்டம். ஆனால் கிரெனடாப் படையின் கவச வண்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன. காப்பாற்ற வந்தவர்களே அகப்பட்டுக்கொண்டார்கள். மேலே வட்டமிட்ட பீரங்கி விமானம் கவச வண்டிகளை உள்ளே விடாமல் தடுத்தது. ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே. மறுநாள் காலை, வடக்கே கிராண்ட் மாலில் கரையிறங்கிய மரைன் படை டாங்கிகளோடு வந்து சேர்ந்த பிறகே கதவு திறந்தது. ஸ்கூனை குவாம் என்ற போர்க்கப்பலுக்குக் கொண்டுபோனார்கள்.

இனி அந்தக் கடிதம். பார்படோஸ் பிரதமர் டாம் ஆடம்ஸ் முதலானோருக்கு எழுதப்பட்ட வேண்டுகோளில் அக்டோபர் 24 என்று தேதி இருக்கிறது. கையெழுத்து விழுந்தது படை இறங்கிய பிறகு, ஸ்கூன் மீட்கப்பட்ட பிறகு என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். வரைவு பார்படோஸில் தயாராகி வந்தது என்பதும் அதில் அடக்கம். ஞாயிறு இரவே வெளியுதவி தேவை என்ற முடிவுக்கு வந்துவிட்டதாக ஸ்கூன் அந்த மாதக் கடைசியில் பிபிசியிடம் சொன்னார். கேட்டது படையெடுப்பை அல்ல, வெளியிலிருந்து உதவியை என்றும் பிரித்துச் சொன்னார். லண்டனோ, ஞாயிறன்று நேரில் பார்த்த தன் அதிகாரியிடம் அப்படியொரு கோரிக்கை தரப்படவில்லை என்றது. பிரிட்டிஷ் கீழவையின் வெளியுறவுக் குழு 1984இல் ஆராய்ந்து, வேண்டுகோள் எப்போது, எந்த வடிவில் வந்தது என்பது தெளிவாகவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொண்டது.

வாயால் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். நான்கு நாள் ஊரடங்கில், கொலைகாரர்கள் நடத்தும் நாட்டில், வந்த தூதரிடம் மனிதர் எதுவும் கேட்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு. ஆனால் அந்தத் தாள் வேறு காரியத்துக்காகச் செய்யப்பட்டது. அது தேவைப்பட்டது ஸ்கூனுக்கு அல்ல, வாஷிங்டனுக்கும் பார்படோஸுக்கும். முந்தைய தேதியிட்ட ஆவணத்தில் கையெழுத்துப் போட ஒப்பியதற்கான பொறுப்பு அவருடையதே.

தேதியைப் பற்றிய சண்டையில் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று மறைந்துபோகிறது. அவர் 24ஆம் தேதி காலையிலேயே சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டிருந்தாலும் அதற்கு எந்தச் சட்டம் இடம் கொடுத்தது? 1973இல் எழுதப்பட்ட அரசமைப்பின்படி பார்த்தால், அமைச்சரவையின் ஆலோசனை இல்லாமல் அந்நியப் படையை அழைக்கும் அதிகாரம் கவர்னர் ஜெனரலுக்குக் கிடையாது. அந்த அரசமைப்பு நிறுத்தப்பட்டுவிட்டது என்று சொன்னால், அவர் பதவியில் நீடித்ததற்கு ஆதாரம் புரட்சி அரசின் மக்கள் சட்டம் மட்டுமே. அதன்படி அவர் புரட்சி அரசு சொல்வதை மட்டும் செய்ய வேண்டியவர். எந்தப் பக்கம் புரட்டினாலும் அதிகாரம் கிடைக்கவில்லை. 'எஞ்சிய அதிகாரம்' என்று அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் சிலர் வாதிட்டார்கள். எல்லாம் அழிந்த பிறகு மிச்சமிருப்பவருக்கு எல்லா அதிகாரமும் சேரும் என்பது அதன் சாரம். சுற்றி வளைக்காமல் சொன்னால், வேறு ஆள் இல்லை என்பதே வாதம். உலகம் அதை வாங்கவில்லை. நவம்பர் 2 அன்று ஐ.நா. பொதுச்சபை 108க்கு 9 என்ற வாக்கில் படையெடுப்பைக் கண்டித்தது. அதே மாதம் டெல்லியில் இந்திரா காந்தி தலைமையில் கூடிய காமன்வெல்த் மாநாட்டிலும் கரீபியன் தலைவர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். கிரெனடா மக்களில் மிகப் பலர் வந்த படையை வரவேற்றார்கள் என்பதும் உண்மை. பலரும் அதைத் தங்களை விடுவித்த நடவடிக்கை என்றே பேசினார்கள்.

சட்டம் கைவிட்ட இடத்தில் பிறகு நீதிமன்றம் ஒரு பெயர் கொடுத்தது. பிஷப் கொலை வழக்கில் கைதான கோர்டும் மற்றவர்களும், எங்களை விசாரிக்கும் நீதிமன்றமே புரட்சி அரசு அமைத்தது, அதற்குச் சட்டத் தகுதி இல்லை என்றார்கள். 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைவர் ஹெய்ன்ஸ், அவசியக் கோட்பாட்டைக் கொண்டு அந்த நீதிமன்றத்தைத் தாங்கிப் பிடித்தார்: அவசியம் தீரும்வரை மட்டும் செல்லும். பாகிஸ்தானில் அரசியல் நிர்ணய சபையைக் கலைத்த கவர்னர் ஜெனரல் குலாம் முகமதுவை 1955இல் கரையேற்றியதும் இதே கோட்பாடுதான். பாகிஸ்தானில் அந்த வாசலைத் திறந்தவர்கள் அடைக்க மறந்துவிட்டார்கள்.

ஸ்கூன் அடைத்தார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். வேடிக்கை என்னவென்றால் இதைப் பற்றித்தான் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. 1983 நவம்பரில் தீவின் சட்டம் முழுவதும் அவருடைய பிரகடனங்கள்தாம். அவசரநிலை அறிவித்தார், சோவியத் ஒன்றியத்தோடும் லிபியாவோடும் உறவை முறித்தார், கியூபத் தூதரகத்தினரை வெளியேற்றினார். கையெழுத்துப் போட மட்டுமே என்று வைத்திருந்த ஆளின் கையெழுத்தே சட்டமாகிவிட்டது. ஆனால் அவர் உடனே செய்தது ஓர் ஆலோசனைக் குழுவைத் தேடியதுதான். முதலில் அழைக்கப்பட்ட அலிஸ்டர் மெக்கின்டயர் உடல்நலம் காரணமாக வர முடியாமல் போக, நிக்கலஸ் பிரத்வெய்ட் தலைவரானார், அவரும் கல்வித்துறைக்காரரே. கட்சி அரசியல்வாதிகளை ஒதுக்கி நிர்வாகிகளை வைத்தார். பதின்மூன்று மாதத்தில், 1984 டிசம்பர் 3 அன்று தேர்தல். ஹெர்பர்ட் பிளேஸின் கட்சி 15 இடங்களில் 14ஐ வென்றது. கவர்னர் ஜெனரல் மறுபடியும் கையெழுத்துப் போடுபவரானார். அடுத்த ஆண்டு ராணி எலிசபெத் கிரெனடாவுக்கு வந்தார்.

வழக்கமான காலத்திலும் அந்தப் பேனா சும்மா இருக்கவில்லை. 1989இல் பிளேஸின் கட்சி உடைந்து பெரும்பான்மை கரைந்தது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரும் முன் அவர் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைக்கப் பரிந்துரைத்தார், ஸ்கூன் ஏற்றார். இது சரியா என்று இன்றும் கேட்கலாம். பிரதமரின் ஆலோசனைப்படி நடப்பதே கடமை என்றால் சரி. சபையின் நம்பிக்கையை இழந்துகொண்டிருப்பவரின் ஆலோசனையும் ஆலோசனைதானா என்று கேட்டால் அவ்வளவு எளிதல்ல. மறுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். அந்நியப் படையை அழைத்தவருக்கு ஒரு கூட்டத்தொடரைத் திறந்துவைக்கத் துணிச்சல் வரவில்லை என்பதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த டிசம்பரில் பிளேஸ் இறந்தார். ஸ்கூன் பென் ஜோன்ஸைப் பிரதமராக்கினார். 1990 மார்ச் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 15இல் 7 இடம் பிடித்த கட்சியின் தலைவர், பழைய ஆலோசனைக் குழுவின் அதே பிரத்வெய்ட். ஸ்கூன் அவரை அழைத்தார். மாற்று அணியிலிருந்து ஆள் வந்து சேர, அரசு நின்றது.

கோர்டு உள்ளிட்ட பதினான்கு பேருக்கு 1986இல் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. 1991 ஆகஸ்டில் பிரத்வெய்ட் அரசு அதை ஆயுளாகக் குறைத்தது. சட்டப்படி அந்தக் கருணை கவர்னர் ஜெனரலின் பெயரில்தான் போகும். 1992இல் ஸ்கூன் ஓய்வு பெற்றார். கோர்டு 2009இல் விடுதலையானார். ஸ்கூன் 2013 செப்டம்பர் 2 அன்று, எழுபத்தெட்டு வயதில் இறந்தார். அந்த ஆண்டு மே மாதம்தான் செசில் லா கிரனாட் பதவியேற்றிருந்தார். விடுதலைக்குப் பிந்தைய கிரெனடாவில் அந்த நாற்காலிக்கு வந்த முதல் பெண், உணவு அறிவியலாளர். கயிற்றில் வீரர்கள் இறங்கிய மாளிகை அதற்கு முன்பே, 2004இல் ஐவன் புயலில் கூரை இழந்து பாழாகியிருந்தது.

பதவியையே ஒழித்துவிட்டால் சிக்கல் தீருமா? பார்படோஸ் 2021 நவம்பர் 30 அன்று குடியரசானது. கவர்னர் ஜெனரலாக இருந்த சாண்ட்ரா மேசன், முன்னாள் ஆசிரியை, பிறகு மேல்முறையீட்டு நீதிபதி, அதே நாளில் முதல் குடியரசுத் தலைவரானார். ஆள் மாறவில்லை, அதிகாரங்களும் பெரிதாக மாறவில்லை. டிரினிடாட் 1976 முதல் குடியரசு. 2001 தேர்தலில் இரு கட்சிகளுக்கும் 18 இடங்கள் விழ, குடியரசுத் தலைவர் ராபின்சன் தன் விருப்புரிமையால் பதவியிலிருந்த பாண்டேயை விட்டு மேனிங்கைப் பிரதமராக்கினார். அதற்குக் கிளம்பிய கூச்சல் மன்னராட்சி நாடு எதிலும் கேட்டதற்குக் குறைந்ததல்ல. செயின்ட் வின்சென்ட் 2009இல் குடியரசு பற்றி மக்களிடம் வாக்குக் கேட்டது. மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்ட இடத்தில் பாதிகூடத் தேறவில்லை. கரீபியனில் இன்னும் எட்டு நாடுகளில் மன்னரின் பிரதிநிதி இருக்கிறார். கிரெனடா 2016 நவம்பரில் தன் அரசமைப்பைத் திருத்த ஏழு மசோதாக்களை மக்கள் முன் வைத்தது. ஏழும் தோற்றன. கவர்னர் ஜெனரல் பதவியை ஒழிக்கும் யோசனை அந்த ஏழில் இல்லை.